தில்லியின் பன்மொழிக் கவிஞர் அமீர் குஸ்ரோ

தில்லி நிஜாமுத்தீன் தர்காவில் வியாழக்கிழமை மாலைகளில் கவ்வாலி பாடுவது வழக்கம். அங்கே ஒலிக்கும் பாடல்களில் பல, அதே வளாகத்தில் அடக்கமாகியுள்ள கவிஞர் அமீர் குஸ்ரோவின் பெயரால் வழங்குபவை.

குஸ்ரோ 1253-இல் பிறந்தார். தந்தை துருக்கிய மரபினர். தாய் இந்தியப் பெண்மணி. சிறு வயதிலேயே தந்தையை இழந்து, தாய்வழிப் பாட்டனாரின் ஆதரவில் வளர்ந்தார். அரசவையின் மொழி பாரசீகம். மக்களின் பேச்சு இந்தவி. சுல்தான்கள் பலர் மாறியபோதும் அவைக் கவிஞராக நீடித்த அவர், தம்மை இந்தியத் துருக்கியன் என்றே சொல்லிக் கொண்டார்.

வால்மீகியின் கதையைக் கம்பர் தமிழுக்கு உரியதாக்கியதுபோல, பாரசீகக் கவிஞர் நிஜாமியின் ஐந்து காவியங்களின் வழியில், லைலா-மஜ்னூன் உள்ளிட்ட பழங்கதைகளைக் குஸ்ரோ தம் போக்கில் புதிதாகப் பாடினார். 1298-இல் தொடங்கிய அப்பணி 1302 வாக்கில் நிறைவுற்றது.

1318-இல் இயற்றிய 'ஒன்பது வானங்கள்' என்னும் பாரசீக நூலில் இந்நாட்டின் இசையையும் அறிவையும் போற்றினார். இங்கு வழங்கும் மொழிகளையும் பட்டியலிட்டார். அதில் வரும் மாபரி என்பது தமிழையே குறிக்கும் என்பர் அறிஞர். ஆனால் 1311-இல் மதுரை வரை சென்று சூறையாடிய மாலிக் காபூரின் படையெடுப்பை வெற்றிப் புகழாக எழுதியவரும் இவரே. தமிழ் வாசகர் இவ்விரண்டையும் சேர்த்தே அவரை எடைபோட வேண்டும்.

சிதாரும் தபலாவும் அவர் கண்டுபிடித்தவை என்று சொல்வதுண்டு. அதற்கு அக்காலத்துச் சான்று ஏதுமில்லை. பாரசீகக் கவிதைகளைத் தொகுதி தொகுதியாகச் சேர்த்து, முன்னுரையும் எழுதி வைத்தவர், இந்தவிக் கவிதைகளை நண்பர்களுக்குக் கொடுத்துவிட்டதாகவே குறிப்பிட்டிருக்கிறார். அவர் காலத்து இந்தவி ஏடு எதுவும் கிடைக்கவில்லை. இன்று பாடப்படுபவை, பாடகர் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாய்மொழியில் காத்தும் மாற்றியும் வந்தவை. எது அவர் சொல், எது பாடகர் சேர்த்தது என்று பிரிப்பது கடினம்.

1325-இல் குரு நிஜாமுத்தீன் அவுலியா மறைந்தபோது குஸ்ரோ வங்காளத்துக்குச் சென்றிருந்தார். திரும்பி வந்தவர், அதே ஆண்டில் தாமும் காலமாகி, குருவின் அருகிலேயே அடக்கமானார்.

அவர் பேணிச் சேர்த்த பாரசீகம் இன்று அறிஞர்களின் நூலகத்தில் இருக்கிறது. சேர்த்து வைக்காத பேச்சுமொழிப் பாட்டு தில்லி மக்களின் நாவில் இருக்கிறது. வீட்டில் தமிழும், வீதியில் இந்தியும், அலுவலகத்தில் ஆங்கிலமுமாக வாழும் தில்லித் தமிழருக்கு இது புரியாத செய்தியல்ல. ஏட்டில் ஏறாத மொழியும் நிலைத்திருக்கும். ஆனால் அதை நாள்தோறும் பாடவும் பேசவும் ஆட்கள் வேண்டும்.