பருத்தித்துறைப் பேச்சை மேடையேற்றிய பேராசிரியர்

க. கணபதிப்பிள்ளையைச் சாசன அறிஞர், 'சங்கிலி' நாடகத்தை எழுதியவர் என்ற அளவோடு பெரும்பாலும் நிறுத்திவிடுகிறோம். என்னை அவரிடம் இழுத்தது 1940இல் வெளிவந்த 'நானாடகம்'.

1903இல் வடமராட்சியில் பிறந்தவர். லண்டன் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டத்துக்காக அவர் ஆராய்ந்தது 7ஆம், 8ஆம் நூற்றாண்டுச் சாசனங்களின் தமிழை. பழைய மக்கள் எப்படிப் பேசினார்கள் என்பதைக் கல்வெட்டின் வழுக்களிலிருந்து துருவி எடுக்கவேண்டிய வேலை அது. எழுதிவைக்காத பேச்சு எவ்வளவு விரைவில் காற்றோடு போய்விடும் என்பது அவருக்கு அங்கேதான் உறைத்திருக்கவேண்டும். இது என் ஊகம்.

ஊர் திரும்பியவர் கையில் எடுத்தது நாடகத்தை. மேடையில் வேலைக்காரனும் செந்தமிழ் பேசிய காலம். வீட்டிலும் வீதியிலும் பேசுவதைத்தான் பாத்திரங்களும் பேசவேண்டும் என்றார். 'உடையார் மிடுக்கு', 'முருகன் திருகுதாளம்' என்று நான்கு நாடகங்கள் அந்தத் தொகுப்பில். அதன் முன்னுரையில், இது பருத்தித்துறைப் பகுதியின் பேச்சு, யாழ்ப்பாணத்தின் மற்றப் பகுதிகளில் சற்று வேறுபடும் என்று குறித்துவைத்தார். ஒரு மொழியியலாளனின் கவனம் அது. 'யாழ்ப்பாணத் தமிழ்' என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிடும் நாங்கள் இன்னமும் அந்தக் கவனத்தைப் பழகவில்லை.

பண்டிதர்கள் கொடுந்தமிழ் என்று ஒதுக்கிய அந்தப் பேச்சில் எத்தனை பழமை இருக்கிறது! அதுவும் இல்லாமல், இதுவும் இல்லாமல் நடுவில் நிற்கும் 'உது' தொல்காப்பியத்தின் உகரச் சுட்டு. தமிழகத்துப் பேச்சில் அது வழக்கிழந்துவிட்டது. எங்கள் ஆச்சிமார் 'உவன் ஏன் உதில நிக்கிறான்' என்று சர்வசாதாரணமாகக் கேட்பார்கள். 'வருகினம்', 'பேந்து', 'எணை' எல்லாம் அவர்கள் வாயில் இருந்தவை. போர் ஊர்களைக் கலைத்துப்போட்டது. மிச்சத்தைத் தமிழகத் தொலைக்காட்சி பார்த்துக்கொள்கிறது. இப்போது பிள்ளைகள் 'உது' என்றால் சிரிக்கிறார்கள்.

விபுலாநந்தர் 1947இல் மறைந்தபின் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியரானார். அங்கே அவரிடம் படித்த சு. வித்தியானந்தன் நாட்டுக்கூத்தை மீட்டெடுத்தார். யாழ்ப்பாணத் தமிழை மொழியியல் முறைப்படி விவரிக்கும் வேலையைப் பின்னாளில் சு. சுசீந்திரராசா செய்தார். கணபதிப்பிள்ளை 1968இல் காலமானார்.

அவர் பதிந்தது ஒரு பகுதியின் பேச்சைத்தான், அதுவும் சிரிப்பு நாடகத்துக்கு வேண்டிய அளவில். தீவுப்பகுதியிலும் தென்மராட்சியிலும் வயதானவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒலிப்பதிவு செய்ய இன்று ஒரு கைபேசி போதும்.