கொந்தோர்சே

மக்களாய்ப் பிறந்தார் யாவர்க்கும் தம் அறிவையும் ஆற்றலையும் வளர்த்துக்கொள்ளும் உரிமை உண்டு. 1986-ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகளின் பொதுச்சபை வளர்ச்சியையே ஓர் உரிமையெனப் பிரகடனஞ் செய்தது. இக்கொள்கைக்கு அடிகோலிய அறிஞருள் ஒருவராகிய கொந்தோர்சே என்பாரின் சரிதையை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

இவர் 1743-ஆம் ஆண்டு பிரான்சு தேசத்து ரிப்மோன் என்னும் ஊரில் பிரபு குலத்திற் பிறந்தார். பிறந்த சின்னாளில் தந்தையை இழந்து தாயால் வளர்க்கப்பெற்றார். கணிதத்திற் சிறந்து, 1769-இல் பாரிஸ் விஞ்ஞானக் கழகத்தின் உறுப்பினராகிப் பின்னர் அதன் நிரந்தரக் காரியதரிசியாகவும் விளங்கினார்.

இவர் கணிதத்தோடு நின்றாரல்லர். உரிமை குலத்தினின்றோ நிறத்தினின்றோ வருவதன்று. இன்ப துன்பங்களை உணர்ந்து நன்றுந் தீதும் ஆராயும் ஆற்றலே அதற்கு மூலம் என்பது இவர் துணிபு. ஆதலின், ஆப்பிரிக்கரை அடிமைகொள்ளுங் கொடுமையை 1781-லேயே கண்டித்தார். மாதர்க்கும் குடியுரிமை வேண்டுமென 1790-இல் எழுதினார்.

உரிமையைச் சட்டத்தில் வரைந்தாற் போதுமோ? எழுத்தறியாதான் பிறர் சொல்லையே பற்றி வாழவேண்டியவனாதலின், உரிமை அவனுக்குப் பெயரளவிலேயே நிற்கும். எனவே, கல்வி அளித்தல் அரசின் ஈகையன்று, கடனே என்று கொண்டார். இருபாலார்க்கும் உரிய, கட்டணமில்லாத, ஐந்து படிகள் கொண்ட கல்வித்திட்டமொன்றை 1792 ஏப்ரலில் சட்டசபை முன் வைத்தார். அரசியலாரின் ஆதிக்கம் கல்வியிற் புகலாகாது என்பதும் அத்திட்டத்தின் உயிர்நிலை. அந்நாளிலேயே ஆஸ்திரியாவுடன் போர் மூண்டமையால் அது கைகூடாதொழிந்தது.

மரண தண்டனையை வெறுத்தவராதலின், அரசனைக் கொல்வதற்கு இவர் உடன்பட்டிலர். 1793-இல் புதிய அரசியலமைப்பைக் கண்டித்தமையால் இவரைச் சிறைப்பிடிக்கக் கட்டளை பிறந்தது. வெர்னே அம்மையாரின் இல்லத்தில் மறைந்திருந்து, மனித அறிவின் முன்னேற்றத்தைப் பத்துக் காலங்களாக வகுத்து நூல் வரைந்தார். தம்மை வேட்டையாடுவோர்மீது அதில் பகை பேசினாரல்லர். நாடுகளிடை ஏற்றத்தாழ்வு ஒழிதல், ஒரு நாட்டினுள் சமத்துவம் ஓங்குதல், மனிதன் மெய்யாக மேம்படுதல் என்னும் மூன்று நம்பிக்கைகளையே பேசினார்.

தம்பொருட்டு அவ்வம்மையார்க்கு இடர் நேருமென அஞ்சி வெளியேறிய இவர், விரைவிற் பிடிபட்டு, 1794 மார்ச்சுத் திங்களிற் சிறைக்கூடத்தில் இறந்துகிடந்தார். நூல் மறு ஆண்டில் வெளிவந்தது.

அறிவு வளர அறமும் தானே வளருமென இவர் கருதியது ஐயத்திற்குரியதே. பின்வந்த போர்கள் அதற்குச் சான்று. ஆயினும், கல்லாதானொருவன் இருக்குமளவும் கற்றார் கடன் தீர்ந்ததன்று என்னும் இவர் கருத்துக்கு ஐயமில்லை. கல்லூரியிற் பயிலும் பேறுபெற்ற நாம் அக்கடனைச் சிந்தித்தல் தகும்.