மிட்சுயோ மயேடா

மிட்சுயோ மயேடா (நவம்பர் 18, 1878 – நவம்பர் 28, 1941) ஜப்பானில் பிறந்து பிரேசிலில் மறைந்த ஜூடோ வீரர் ஆவார். கோண்டே கோமா என்னும் மேடைப் பெயராலும் இவர் பரவலாக அறியப்படுகிறார். மேலங்கி அணிந்து பயிலும் ஒரு கலையை, மேலங்கி அணியாத மற்போர் வீரர்களுக்கும் குத்துச்சண்டை வீரர்களுக்கும் எதிராகப் பயன்படுத்திப் பார்த்த முன்னோடிகளுள் இவர் ஒருவர். இவர் வழியாக பிரேசிலை அடைந்த ஜூடோவே பின்னர் பிரேசிலிய ஜியு-ஜிட்சு எனத் தனிக்கலையாக வளர்ந்தது. இன்று கலப்புத் தற்காப்புக் கலைப் போட்டிகளில் காணப்படும் தரைச்சண்டையின் வரலாற்றைத் தேடுவோர் பெரும்பாலும் இவரிடமே வந்து சேர்கின்றனர்.

இளமையும் கோடோகானும்

மயேடா வடஜப்பானின் அவோமோரி மாகாணத்தில், இன்று ஹிரோசாக்கி நகரின் பகுதியாக உள்ள ஃபுனாசாவா என்னும் ஊரில் பிறந்தார். சிறுவயதில் சுமோ பயின்றார். பதின்ம வயதின் இறுதியில் தோக்கியோ சென்ற இவர், 1897 இல் கோடோகானில் சேர்ந்தார். கோடோகான் என்பது ஜூடோவை உருவாக்கிய கானோ ஜிகோரோ 1882 இல் நிறுவிய பயிற்சிப் பள்ளி ஆகும். மயேடா குள்ளமானவர், உயரம் ஏறத்தாழ 164 செ.மீ. மட்டுமே. இவருக்கு ஆசிரியராக அமைந்த தொமிதா சுனேஜிரோவும் சிறிய உருவம் கொண்டவரே. கோடோகானின் பதிவேட்டில் முதல் மாணவராகப் பெயர் எழுதியவர் இந்தத் தொமிதா.

தொடக்ககாலக் கோடோகான் எறிதல் உத்திகளுக்கே முதன்மை அளித்தது. ஃபூசென் பள்ளியைச் சேர்ந்த தனாபே மதாஎமோன் என்னும் ஜுஜுட்சு ஆசிரியர், கோடோகான் வீரர்களைத் தரைப்பிடிகளால் தோற்கடித்த பின்னரே அங்குத் தரைச்சண்டைக்குக் கூடுதல் கவனம் கிடைத்தது. மயேடா பயின்றது இந்த மாற்றம் நடந்துகொண்டிருந்த காலத்தில் ஆகும்.

அமெரிக்காவில்

1904 இன் இறுதியில் தொமிதாவும் மயேடாவும் ஜூடோவை அறிமுகப்படுத்தும் நோக்கில் அமெரிக்கா சென்றனர். 1905 பெப்ரவரியில் வெஸ்ட் பாயிண்ட் இராணுவக் கல்விக்கழகத்தில் செயல்விளக்கம் ஒன்று நடைபெற்றது. அங்கு மயேடா தம்முடன் மோதிய மாணவரை எளிதாக எறிந்தார். ஆனால் நாற்பது வயதை எட்டியிருந்த தொமிதா, டிப்டன் என்ற பெருத்த உடல் கொண்ட அமெரிக்கக் காற்பந்து வீரரை இருமுறை முயன்றும் எறிய இயலவில்லை. ஒத்திகை பார்த்த செயல்விளக்கம் வேறு, ஒத்துழைக்காத எதிராளி வேறு என்பது பார்வையாளர் முன்னிலையில் வெளிப்பட்டுவிட்டது. இதன் பின்னர் இருவரின் பாதைகளும் பிரிந்தன.

மயேடா பணத்திற்காகப் போட்டியிடத் தொடங்கினார். 1905 டிசம்பரில் அட்லாண்டாவில் சாம் மார்பர்கர் என்னும் மற்போர் வீரருடன் நடந்த போட்டி கவனிக்கத்தக்கது. மூன்று சுற்றுகளில் இரண்டு மேலங்கியுடனும் ஒன்று மேலங்கியின்றியும் நடைபெற்றன. மேலங்கி அணிந்த இரு சுற்றுகளிலும் மயேடா வென்றார். மேலங்கியற்ற சுற்றில் தோற்றார்.

இதன் காரணத்தை அறியாதவர்களுக்காகச் சிறு விளக்கம் தேவைப்படுகிறது. ஜூடோவில் எதிராளியின் கழுத்துப்பட்டையையும் கைப்பகுதியையும் பற்றிக்கொண்டே அவரது சமநிலையைக் குலைக்கின்றனர். கழுத்துப்பட்டையைக் கொண்டே நெரிக்கவும் செய்கின்றனர். துணி இல்லையெனில் இந்தப் பிடிகள் யாவும் ஒரே நேரத்தில் மறைந்துவிடுகின்றன. வியர்வையால் உடல் வழுக்குவதால் பூட்டுகளிலிருந்து நழுவுவதும் எளிதாகிறது. எனவே துணிக்கு மாற்றாகப் பின்கழுத்து, மணிக்கட்டு, அக்குள், இடுப்பு ஆகியவற்றைப் பற்றக் கற்றாக வேண்டும். அக்காலத்தில் மேலை நாடுகளில் சுற்றிய ஜப்பானிய வீரர்கள் பலர், எதிராளியும் மேலங்கி அணிய வேண்டும் என நிபந்தனை விதித்தே மேடையேறினர். அந்நிபந்தனை இல்லாத போட்டிகளையும் ஏற்றதே மயேடாவின் சிறப்பு எனலாம்.

இலண்டனில் இரு தோல்விகள்

1907 இல் மயேடா பிரித்தானியா சென்றார். 1908 தொடக்கத்தில் இலண்டன் அல்ஹாம்ப்ரா அரங்கில் நடந்த கட்டற்ற மற்போர்த் தொடரில் நடு எடை, மிகு எடை ஆகிய இரு பிரிவுகளிலும் போட்டியிட்டார். மிகு எடைப் பிரிவின் அரையிறுதியில் ஜிம்மி எஸ்ஸனிடமும், நடு எடைப் பிரிவின் இறுதியில் ஹென்றி இர்ஸ்லிங்கரிடமும் தோற்றார். (இதே அரங்கில்தான் 1910 இல் இந்திய மல்லரான காமா, அமெரிக்கரான பெஞ்சமின் ரோலரை வென்றார்.)

இத்தோல்விகளைச் சரியாக மதிப்பிட விதிகளை நோக்க வேண்டும். அவ்வகை மற்போரில் இரு தோள்களும் தரையில் அழுத்தப்பட்டால் தோல்வி ஆகும். கழுத்தை நெரித்தல் பொதுவாகத் தடைசெய்யப்பட்டிருந்தது. ஜூடோ தரைச்சண்டையிலோ மல்லாந்து கிடந்தபடி, கால்களால் எதிராளியைத் தடுத்துக்கொண்டே தாக்குதலைத் தொடரலாம். அதாவது மயேடாவின் வலுவான நிலையே இலண்டன் விதிகளின்படி தோல்வி நிலையாக இருந்தது. தம்மைவிட எடை மிகுந்தவர்களுடன் அந்த விதிகளின் கீழ் இவ்வளவு தொலைவு வந்ததைப் பெரும் வெற்றியாகவே கருத வேண்டும்.

மயேடா ஆயிரம் அல்லது இரண்டாயிரம் போட்டிகளில் தோல்வியே காணாதவர் எனச் சில நூல்களிலும் இணையத்தளங்களிலும் எழுதப்பட்டுள்ளது. மேற்கண்ட முடிவுகளைப் பார்க்கும்போது இதனை அப்படியே ஏற்க இயலாது. மேலங்கி அணிந்த போட்டிகளை மட்டும் கணக்கில் கொண்டு இப்படி எழுதியிருக்கலாம்.

கோண்டே கோமா

1908 இல் ஸ்பெயின் சென்றபோது இவர் கோண்டே கோமா என்னும் பெயரைச் சூடிக்கொண்டார். கோண்டே என்பது ஸ்பானிய மொழியில் பிரபுவைக் குறிக்கும். கோமா என்பது இக்கட்டில் இருத்தல் எனப் பொருள்படும் கோமாரு என்ற ஜப்பானியச் சொல்லின் சுருக்கம். ஆக, இக்கட்டில் சிக்கிய பிரபு! அக்காலத்தில் இவரிடம் பணம் இல்லை என்பதே இப்பெயருக்கான விளக்கமாகக் கூறப்படுகிறது.

அதன் பின்னர் கியூபா, மெக்சிக்கோ, நடு அமெரிக்க நாடுகள், பெரு, சிலி, அர்ஜென்டினா எனப் பல நாடுகளில் போட்டியிட்டார். குத்துச்சண்டை வீரரை எதிர்கொள்ளும்போது தாழ்வான உதைகளாலும் முழங்கை வீச்சாலும் அவரது கவனத்தைத் திருப்பி நெருங்குதல், கட்டிப்பிடித்து வீழ்த்துதல், பின்னர் தரையில் நெரித்தல் அல்லது மூட்டுப்பூட்டால் முடித்தல் என்பது இவரது முறையாக விவரிக்கப்படுகிறது. குத்துகள் வலுப்பெறும் இடைத்தொலைவில் நிற்காமல், மிகத் தள்ளியோ மிக ஒட்டியோ இருப்பதே இதன் அடிப்படை.

1912 இல் கோடோகான் இவருக்கு ஐந்தாம் தான் நிலை வழங்கியது. பணத்திற்காகத் தொழில்முறை மற்போரில் ஈடுபட்டவருக்கு இத்தகுதி கூடாது எனக் கருதியோர் அங்கு இருந்தனர். கானோவின் நோக்கில் ஜூடோ உடலையும் ஒழுக்கத்தையும் வளர்க்கும் கல்வியாகும். நுழைவுச்சீட்டு விற்று நடத்தும் காட்சி அன்று. அவர்களது எதிர்ப்பில் நியாயம் உண்டு. எனினும் அந்த மேடைகள் இல்லாமல் மேற்கூறிய முறையை மயேடா கண்டறிந்திருக்க வழியில்லை.

பிரேசிலும் கிரேசி குடும்பமும்

1914 நவம்பரில் பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரை அடைந்த மயேடா, நாடு முழுவதும் பயணித்தபின் அமேசான் ஆற்றின் முகத்துவாரப் பகுதியிலுள்ள பெலெமில் குடியேறினார். அங்கு கஸ்தோன் கிரேசி என்னும் வணிகருடன் பழக்கம் ஏற்பட்டது. அவருடைய மகன் கார்லோஸ் (பிறப்பு 1902) மயேடாவிடம் பயின்றதாகக் கிரேசி குடும்பத்தினர் கூறுகின்றனர். எவ்வளவு காலம், எந்த அளவிற்கு நேரடியாக என்பதில் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. மயேடாவின் மாணவர் ஜசிந்தோ ஃபெர்ரோவிடமே கார்லோஸ் பெரும்பகுதியைக் கற்றார் என்போரும் உளர். லூயிஸ் ஃபிரான்சா, ஒஸ்வால்டோ ஃபட்டா ஆகியோர் வழியாக வந்த மற்றொரு மரபும் மயேடாவையே மூலமாகக் கொள்கிறது.

கார்லோசும் அவருடைய தம்பி ஹெலியோ உள்ளிட்டோரும் வளர்த்த கலை, 1993 இல் டென்வரில் நடந்த முதல் யூ.எஃப்.சி. போட்டியில் உலகின் கவனத்தைப் பெற்றது. ஹெலியோவின் மகன் ராய்ஸ் மேலங்கி அணிந்தே அதில் வென்றார், எதிராளிகள் அணியவில்லை. ஆனால் மேலங்கி எதிராளிக்கும் பிடி கொடுக்கும். 2000 இல் தோக்கியோவில் 90 நிமிடம் நீடித்த போட்டியில், கசூஷி சகுராபா ராய்சின் உடையையே பற்றி அவரை மடக்கினார். ராய்ஸ் தரப்பு துண்டை எறிந்து தோல்வியை ஒப்புக்கொண்டது. அட்லாண்டாவில் மயேடா சந்தித்த அதே சிக்கலை, இன்றைய ஜியு-ஜிட்சு வீரர்களும் கலப்புச் சண்டைக்கு மாறும்போது சந்திக்கின்றனர். மயேடாவின் காலத்தைப் போலவே இன்றும் துணிப்பிடிகளை விட்டுவிட்டு, நெருங்கும் கலையையும் வீழ்த்தும் கலையையும் மற்போரிலிருந்து கற்க வேண்டியுள்ளது.

இறுதிக்காலம்

1921 இல் மயேடா பெலெமில் ஜூடோ பயிற்சிக்கூடம் ஒன்றைத் தொடங்கினார். அது நான்கு மீட்டர் நீளமும் நான்கு மீட்டர் அகலமும் கொண்ட ஒரு கொட்டகை. எனினும் இவரது பிற்கால வாழ்வின் பெரும்பகுதி அமேசான் பகுதியில் ஜப்பானியரைக் குடியேற்றும் பணியிலேயே கழிந்தது. 1929 இல் தொமே-அசு குடியேற்றத்திற்கு முதல் குடும்பங்கள் வந்தன. மலேரியாவால் பலர் மாண்டனர், பலர் வெளியேறினர். 1930களில் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவரப்பட்ட மிளகு நாற்றுகள்தாம் பின்னர் அவ்வூரை வாழவைத்தன. அந்தச் செழிப்பை மயேடா காணவில்லை.

1930 இல் பிரேசில் குடியுரிமை பெற்று ஒத்தாவியோ எனப் பெயரிட்டுக்கொண்ட மயேடா, ஜப்பான் திரும்பவில்லை. நவம்பர் 28, 1941 அன்று சிறுநீரக நோயால் பெலெமில் காலமானார். அதற்கு முந்தைய நாள் கோடோகான் இவருக்கு ஏழாம் தான் நிலை வழங்கியிருந்தது. அச்செய்தி இவரை எட்டவில்லை. 1956 இல் ஹிரோசாக்கியில் இவருக்கு நினைவுச்சின்னம் எழுப்பப்பட்டது.