பதவியை விட்டுச் சென்ற பண்ணையாளர்

சிறுவன் ஜோர்ஜ் வொஷிங்டன் செர்ரி மரத்தை வெட்டிவிட்டுத் தந்தையிடம் உண்மையை ஒப்புக்கொண்ட கதையை நாம் சிறுவயதில் கேட்டிருக்கிறோம். அவர் இறந்த பின்னரே அக்கதை எழுதப்பட்டது. அது நடந்ததற்கு ஆதாரம் இல்லை. ஆனால் அவரது உண்மையான வாழ்க்கையில் அதைவிட ஆழமாகச் சிந்திக்க வேண்டிய விடயங்கள் உள்ளன.

1732 பெப்ரவரி 22 இல், அன்று பிரித்தானியாவின் குடியேற்றமாக இருந்த வேர்ஜீனியாவில் அவர் பிறந்தார். பதினொரு வயதில் தந்தையை இழந்தார். பல்கலைக்கழகக் கல்வி அவருக்குக் கிடைக்கவில்லை. எனினும் உயர்தர மாணவியராகிய எமது வயதில், அதாவது பதினேழு வயதிலேயே, நில அளவையாளராக நியமனம் பெற்றார். பின்னர் சில காலம் படையில் பணியாற்றினார்.

1759 இல் மார்த்தா என்ற விதவையை மணந்து, பொட்டோமக் ஆற்றங்கரையிலிருந்த மவுண்ட் வேர்ணன் பண்ணையில் விவசாயத்தில் ஈடுபட்டார். புகையிலை மண்ணின் வளத்தை உறிஞ்சியது. லண்டன் வணிகர்களிடம் கடனும் ஏறியது. எனவே அவர் கோதுமைக்கு மாறினார். பயிர்களை மாற்றி மாற்றி விதைத்தார். பசளையிட்டு மண்ணைத் தேற்றினார்.

வேர்ஜீனியாவின் சட்டசபையிலும் அவர் அங்கம் வகித்தார். பிரித்தானியா விதித்த வரிகளை எதிர்த்துக் குடியேற்றங்கள் கிளர்ந்தெழுந்தபோது, 1775 இல் படைத் தளபதியாகத் தெரிவுசெய்யப்பட்டார். எட்டு ஆண்டுகள் நீடித்த போர் வெற்றியில் முடிந்தது. படையும் மக்களின் அபிமானமும் அவர் பக்கமே இருந்தன. ஆயினும் 1783 டிசம்பரில் தளபதிப் பதவியைக் காங்கிரஸிடம் ஒப்படைத்துவிட்டுப் பண்ணைக்குத் திரும்பினார். 1789 இல் ஒருமனதாக முதலாவது ஜனாதிபதியானார். இரண்டு தவணைகள் முடிந்ததும் 1797 இல் மீண்டும் தாமாகவே விலகினார்.

அதிகாரத்தை இரு தடவைகள் துறந்த இந்த மனிதரின் வயல்களில் உழைத்தவர்கள் யார்? அடிமைகள். தந்தை இறந்தபோதே பத்து அடிமைகள் அவருக்கு உரிமையாகினர். 1799 இல் மவுண்ட் வேர்ணனில் இருந்த அடிமைகளின் தொகை 317. ஜனாதிபதியின் இல்லத்தில் பணிபுரிந்த ஓனா ஜட்ஜ் என்ற இளம்பெண் 1796 இல் பிலடெல்பியாவிலிருந்து தப்பிச் சென்றாள். அவளைத் திரும்பப் பிடிக்க வொஷிங்டன் முயன்றார், முடியவில்லை. அவள் இறுதிவரை பிடிபடாமலே வாழ்ந்தாள்.

1799 டிசம்பரில், பனியிலும் மழையிலும் பண்ணையைச் சுற்றிப் பார்த்து வந்த அவர் தொண்டை நோயுற்று, இரண்டு நாட்களில், 14 ஆம் திகதி காலமானார். தமக்குரிய 123 அடிமைகளும் மனைவியின் காலத்துக்குப் பின் விடுதலை பெற வேண்டும் என மரணசாசனத்தில் எழுதியிருந்தார். மார்த்தா அதுவரை காத்திராமல் 1801 ஜனவரி முதலாம் திகதி அவர்களை விடுவித்தார். மார்த்தாவின் முதற்கணவரின் சொத்தாகக் கருதப்பட்டவர்களுக்கு அந்த விடுதலையும் கிட்டவில்லை.

கையிலிருந்த பதவியை உரிய வேளையில் விட்டுக்கொடுத்தவர், பிறருடைய சுதந்திரத்தைத் தம் வாழ்நாள் முழுவதும் விட்டுக்கொடுக்கவில்லை. அவரது பெருமையைப் படிக்கும் நாம் இதையும் சேர்த்தே படிக்க வேண்டும். நீதியை மரணசாசனத்துக்கு ஒத்திவைத்தால், காத்திருப்போரின் வாழ்நாள் அதற்குள் கழிந்துவிடும்.