தபால்காரரின் மெட்டில் ஒரு நாட்டுப்பண்

1927இல் மலாயாவுக்கு வந்த கவிஞர் இரவீந்திரநாத் தாகூர், 1861 மே 7ஆம் நாள் கல்கத்தாவின் ஜோராசாங்கோ இல்லத்தில் பிறந்தவர். பள்ளிக்கூடம் பிடிக்காமல் பெரும்பாலும் வீட்டிலேயே கற்றார். சட்டம் படிக்க 1878இல் இங்கிலாந்து சென்றவர், பட்டம் பெறாமலே திரும்பினார்.

1890 வாக்கில் குடும்ப நிலங்களைக் கவனிக்கும் பொறுப்பைத் தந்தையார் அவரிடம் ஒப்படைத்தார். கிழக்கு வங்கத்தின் ஷிலைதஹாவில் படகோட்டிகளின் பாட்டும் பாவுல் பாடகர்களின் பாட்டும் அவரை ஈர்த்தன. அவ்வூர்த் தபால்காரர் ககன் ஹர்க்கராவின் மெட்டில், வங்கப் பிரிவினை நாள்களில் தாகூர் எழுதிய பாடலின் தொடக்க வரிகளே பின்னர் வங்காளதேசத்தின் நாட்டுப்பண் ஆயின.

கையெழுத்துப் படிகளில் அடித்த சொற்களை உருவங்களாக்கிப் பழகி, அறுபது வயதுக்குமேல் ஓவியராகி, 1930இல் பாரிஸில் கண்காட்சியும் வைத்தார்.

நெகிரி செம்பிலான் தோட்டங்களில் பாட்டிமார் பாடிய தாலாட்டும் தெம்மாங்கும் அவர்களோடு மறையும் முன் எழுதி வைக்க வேண்டியவை என்பதே இவ்வாழ்க்கை தரும் பாடம்.