ப்ளக் போட்டால்தான் பாடும் ஸ்பீக்கர்: பீட்டர் வாக்கரின் கதை

வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தைக்குப் போயிருக்கீங்களா? தாம்பரத்துல ரயில் ஏறினா மூணாவது ஸ்டேஷன். பழைய ரேடியோ, கழற்றிப்போட்ட ஆம்ப்ளிஃபயர், கூம்பு கிழிஞ்ச ஸ்பீக்கர்னு எல்லாத்தையும் தரையில் பரப்பி வைத்திருப்பார்கள். ஒரு ஸ்பீக்கரைக் கையில் எடுத்துத் திருப்பிப் பாருங்க. பின்னால் கனமான காந்தம், நடுவில் காயில், முன்னால் காகிதக் கூம்பு. கிட்டத்தட்ட நூறு வருஷமா ஸ்பீக்கர் என்றால் நமக்கு இதுதான்.

இப்போ வேறொரு ஸ்பீக்கரை மனசில் வரைஞ்சு பாருங்க. காந்தம் இல்லை, காயில் இல்லை, கூம்பு இல்லை, மரப்பெட்டிகூட இல்லை. பார்த்தால் குளிர்நாட்டு ரூம் ஹீட்டர் மாதிரி இருக்கும். பாட்டு வரணும்னா ஆம்ப்ளிஃபயரில் இருந்து வரும் வயர் மட்டும் போதாது, சுவர் ப்ளக்கிலும் செருகணும். வீட்டில் வைத்துக் கேட்கும்படி அதைச் செய்து விற்றவர் பீட்டர் வாக்கர். 1916-ல் பிறந்த இங்கிலாந்துக்காரர். 2003 டிசம்பரில் இறந்தார். நம்மில் பலர் பிறக்கும் முன்பே போய்விட்டவர். ஆனாலும் ஹை-ஃபை பைத்தியம் பிடித்த எவரிடமும் போய் குவாட் என்ற பெயரைச் சொல்லிப் பாருங்க, அடுத்த ஒரு மணி நேரம் உங்களை விடமாட்டார்.

1936-ல் வாக்கர் லண்டனில் சொந்தமாக ஒரு கம்பெனி தொடங்கினார். அப்போ அவருக்கு வயசு இருபது. நாம ப்ளேஸ்மெண்டுக்கு ரெஸ்யூமே திருத்திக்கிட்டு இருக்கிற வயசு. முதலில் செய்தது பொது இடங்களுக்கான ஒலிபெருக்கி அமைப்புகள். நம்ம ஊர் பாஷையில் சொன்னா மைக் செட். பிறகு இரண்டாம் உலகப்போர் வந்தது. 1941-ல் குண்டுவீச்சில் லண்டன் இடம் போனது. கம்பெனியை ஹண்டிங்டன் என்ற சின்ன ஊருக்கு மாற்றினார். அதன் பிறகு அவர் பெயரைச் சொல்லும் எல்லாமே அந்தச் சின்ன ஊரில் இருந்துதான் வந்தது.

போர் முடிந்ததும் வீட்டில் பாட்டு கேட்கிறவர்கள் பக்கம் திரும்பினார். 1953-ல் வந்த குவாட் 2 என்ற வால்வு ஆம்ப்ளிஃபயர்தான் முதல் பெரிய பெயர். வெறும் 15 வாட். 1954-ல் வார்ஃப்டேல் ஸ்பீக்கர் கம்பெனியின் கில்பர்ட் பிரிக்ஸ், லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் ஹாலில் மேடையில் நேரடி இசையையும் ரெக்கார்டையும் மாற்றி மாற்றிக் கேட்கவைத்து ஒரு நிகழ்ச்சி நடத்தினார். அந்தப் பெரிய அரங்கில் ஆம்ப்ளிஃபயர் வாக்கருடையது. இன்னைக்கு நம்ம ஹாஸ்டல் ரூம் ஸ்பீக்கர் அட்டையிலேயே அதைவிடப் பெரிய வாட் கணக்கு அச்சடிச்சிருக்கும்!

ஆனால் வாக்கருக்கு ஆம்ப்ளிஃபயரைவிட ஸ்பீக்கர்தான் உறுத்தல். கனமான கூம்பை ஒரு காயில் நடுவில் பிடித்துத் தள்ளுகிறது. ஓரம் ஒரு மாதிரி ஆடும், நடு ஒரு மாதிரி ஆடும். பெட்டி தன் பங்குக்கு அதிரும். பாட்டில் இல்லாத சத்தத்தை ஸ்பீக்கரே சேர்க்கிறது. இதற்கு மாற்று உண்டு என்று 1920-களிலேயே தெரியும். துளையிட்ட இரண்டு தகடுகள், நடுவில் மயிரிழையைவிட மெல்லிய பிளாஸ்டிக் படலம். படலத்துக்கு உயர் வோல்டேஜில் மின்னூட்டம். தகடுகளுக்குப் பாட்டின் சிக்னல். ஒரு தகடு இழுக்கும், எதிர்த் தகடு தள்ளும். படலம் முழுசும் ஒரே சீராக நகரும். அதன் எடை, பக்கத்தில் இருக்கும் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் தடிமன் காற்றின் எடைதான்.

சொல்ல ஈஸி. செய்யும்போது ஒரு சிக்கல். படலம் ஒரு தகட்டை நெருங்கினால் கெப்பாசிட்டன்ஸ் மாறும், மின்னூட்டம் உள்ளே வெளியே ஓடும், விசை நேர்விகிதத்தில் இருக்காது, ஒலி சிதையும். தீர்வு நம்ம பாடப்புத்தகத்தில் இருக்கிற ஆர்.சி. டைம் கான்ஸ்டன்ட்தான். மின்னூட்டம் போகும் பாதையில் மிகப்பெரிய ரெசிஸ்டன்ஸ் வைத்தால், ஒரு ஒலி அலை முடிவதற்குள் மின்னூட்டம் நகர நேரமே கிடைக்காது. அது மாறாமல் இருந்தால் விசை சிக்னலை மட்டுமே சார்ந்திருக்கும். ஹார்வர்டு பேராசிரியர் ஃபிரெடரிக் ஹன்ட் 1954-ல் வந்த தன் புத்தகத்தில் இதைக் கணக்காக எழுதினார். வாக்கர், ஆம்ப்ளிஃபயர் வடிவமைப்பில் புகழ்பெற்ற டி.டி.என். வில்லியம்சனோடு சேர்ந்து இதை ஒரு நிஜ ஸ்பீக்கராக்க உழைத்தார். 1955-ல் வயர்லெஸ் வேர்ல்ட் பத்திரிகையில் தன் வழிமுறையை ஒளிக்காமல் தொடராக எழுதினார். 1957-ல் குவாட் ஈ.எஸ்.எல். விற்பனைக்கு வந்தது.

உள்ளே மூன்று பேனல். நடுவில் ட்ரெபிள், இரண்டு பக்கமும் பாஸ். சுவர் கரண்டை ஒரு ட்ரான்ஸ்ஃபார்மரும் டயோடு-கெப்பாசிட்டர் அடுக்கும் ஏற்றி, ட்ரெபிளுக்கு சுமார் 1,500 வோல்ட்டும் பாஸுக்கு சுமார் 6,000 வோல்ட்டும் கொடுக்கும். லேபில் வோல்டேஜ் மல்டிப்ளையர் போட்டவங்களுக்கு இது பழகிய முகம். கரண்ட் மிகக் குறைவு என்பதால் ப்ளக் போட்டதும் முழுச் சத்தம் வராது, மின்னூட்டம் ஏறக் காத்திருக்கணும். ப்ளக்கை உருவினாலும் உடனே நிற்காது. அதனால்தான் சொல்றேன், எங்கயாவது ஒரு ஜோடி கிடைத்தால் ஆர்வத்தில் பின்பக்கத்தைத் திறந்து கை வைக்காதீங்க. தாம்பரம் மாதிரி ஊரில் ஐப்பசி மழை ஈரமும் ரோட்டுத் தூசியும் சேர்ந்தால் மின்னூட்டம் கசியும், ஒரு பக்கம் சத்தம் குறையும். பழைய ஜோடியை வாங்குகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இந்தப் பவர் சப்ளையைத்தான்.

வாக்கர் எதை விட்டுக்கொடுத்தார் என்பதையும் தெரிஞ்சுக்கணும். இந்த ஸ்பீக்கருக்குப் பெட்டி இல்லாததால் முன்னால் போகும் ஒலியும் பின்னால் போகும் ஒலியும் தாழ்ந்த சுருதியில் ஒன்றை ஒன்று அழித்துக்கொள்ளும். வயலினும் குரலும் பக்கத்தில் இருக்கிற மாதிரி கேட்கும், தவிலின் அடி நெஞ்சில் இறங்காது. அதிக வாட் கொடுத்தால் உள்ளே தீப்பொறி பறந்து படலத்தில் ஓட்டை விழும். பின்சுவரை ஒட்டி வைக்கவும் முடியாது, நம்ம ஃபிளாட் ஹாலில் பாதி இடத்தைக் கேட்கும். அதனால் பின்னாட்களில் பலர் சப்வூஃபர் சேர்த்தார்கள். சும்மா சேர்த்தால் பயன் பாதிதான். கீழ் அலைவரிசையை கிராஸ்ஓவர் வழியாகப் பேனலில் இருந்து வெட்டி சப்வூஃபருக்குத் திருப்பினால்தான் பேனலின் சுமை குறையும். பெட்டி சப்வூஃபர் பரப்பும் விதம் வேறு, திறந்த பேனல் பரப்பும் விதம் வேறு என்பதால் இரண்டும் ஒட்டாமலும் கேட்கும். பின்லாந்தின் கிரேடியன்ட் கம்பெனி குவாடுக்காகவே பெட்டியில்லா சப்வூஃபர் செய்தது. வாக்கருக்கு இந்தக் குறைகள் எல்லாம் தெரியும். சத்தத்துக்காகச் சுத்தத்தை விற்க மனசு வரவில்லை, அவ்வளவுதான். 1985 வரை அந்த மாடல் தயாரானது, 50,000-க்கும் மேல் விற்றது.

1963-ல் அடுத்த ஸ்பீக்கரைத் தொடங்கினார். சிட்லபாக்கம் ஏரியில் கல் போட்டால் வட்டம் வட்டமாக அலை விரியும் இல்லையா? தட்டைப் பேனலில் இருந்தும் அப்படியே ஒலி விரியணும் என்று ஆசைப்பட்டார். தகட்டை வட்ட வளையங்களாகப் பிரித்து, நடு வளையத்துக்கு முதலிலும் வெளி வளையங்களுக்குக் கொஞ்சம் தாமதமாகவும் சிக்னல் கொடுத்தார். பேனலுக்கு 30 சென்டிமீட்டர் பின்னால் ஒரே புள்ளியில் இருந்து ஒலி பிறப்பது போல இருக்கும். தீப்பொறி கிளம்பினால் அதன் ரேடியோ சிக்னலைப் பிடித்துத் தன்னைத்தானே காத்துக்கொள்ளும் சர்க்யூட்டும் உண்டு. பெயர் ஈ.எஸ்.எல்.-63. விற்பனைக்கு வந்த வருஷம் 1981. பதினெட்டு வருஷம்! நமக்கு ரிவ்யூவுக்கும் ரிவ்யூவுக்கும் நடுவில் கிடைப்பது சில வாரம்.

அந்த இடைவெளியில் அவர் சும்மா இல்லை. 1975-ல் குவாட் 405 என்ற ட்ரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயர் வந்தது. அதன் சர்க்யூட்டுக்கு 1978-ல் பிரிட்டிஷ் ராணியின் தொழில்நுட்ப விருது கிடைத்தது. அதே வருஷம் ஒரு சோதனை முடிவும் வெளியானது. பழைய வால்வு குவாட் 2, இடையில் வந்த 303, புதிய 405 மூன்றையும் எது ஓடுகிறது என்று சொல்லாமல் மாற்றிமாற்றிப் போட்டார்கள். கேட்டவர்களால் வித்தியாசம் சொல்ல முடியவில்லை. யோசிச்சுப் பாருங்க, புதிய மாடல் 25 வருஷப் பழசு மாதிரியேதான் கேட்கிறது என்றால் எந்தக் கம்பெனி அதை வெளியே விடும்? வாக்கருக்கு அதில் வெட்கம் இல்லை. ஆம்ப்ளிஃபயர் தன் குரலைச் சேர்க்கவே கூடாது என்பது அவர் கொள்கை. எந்த ஆம்ப்ளிஃபயரும் எதையும் சேர்க்கவில்லை என்றால் மூன்றும் ஒன்றாகத்தானே கேட்கணும்!

இதை எழுதும்போது என் ப்ராஜெக்ட் ரிப்போர்ட் பக்கத்தில் திறந்திருக்கு. அதில் ஒரு கிராஃப். எட்டு புள்ளி கோட்டில் உட்காருது, ஒன்பதாவது உட்காரலை. அதை அழிச்சா யாருக்கும் தெரியாது, கோடு அழகா இருக்கும். உங்க ரிப்போர்ட்லயும் அப்படி ஒரு புள்ளி இருக்கும்னு நினைக்கிறேன். நான் என்னுடையதை அப்படியே விட்டுட்டு, கீழே ஒரு வரி எழுதியிருக்கேன், ஏன் உட்காரலைன்னு எனக்குப் புரிஞ்ச வரைக்கும். வைவாவில் கேள்வி வரும். வரட்டும்.