மங்கரை தந்த சர் சங்கரன் நாயர்

பாலக்காட்டு ஜங்ஷனிலிருந்து ஷொரணூர் நோக்கிச் செல்லும் வண்டி, பறளியைக் கடந்ததும் மங்கரை என்னும் சிறு நிலையத்தை அடைகின்றது. நம் காலனிக் குடும்பங்கள் எத்தனையோ முறை கடந்து சென்ற ஊர்தான். எனினும், லண்டன் மாநகர நீதிமன்றத்தில் பாஞ்சாலத்து மக்களின் துயரை எடுத்துரைத்த ஒருவரைப் பெற்ற ஊர் அஃது என்பதை நம் பிள்ளைகளுள் பலர் அறியார். அவரே சேற்றூர் சங்கரன் நாயர்.

1857-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 11-ஆம் நாள் பிறந்த இவர், கோழிக்கோட்டில் மெட்ரிகுலேஷன் தேறி, சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, 1880-இல் சென்னை உயர்நீதிமன்ற வக்கீலானார். 1897-இல் அமராவதியில் கூடிய காங்கிரஸ் மகாசபைக்குத் தலைமை வகித்தார். கேரளத்தவர் ஒருவர் அவ்வாசனத்தில் அமர்ந்தது அந்த ஒரு முறையே. 1908-இல் நீதிபதியானார். இந்து சமயத்தில் புதிதாகச் சேர்ந்தோரைச் சாதியற்றவரென விலக்குதல் கூடாது என 1914-இல் தீர்ப்பளித்தார். இதனிடையே சர் பட்டமும் வந்தது. 1915-இல் வைசிராயின் நிர்வாக சபையில் இடம்பெற்றுக் கல்வித் துறையை ஏற்றார். அக்காலத்தில் ஓர் இந்தியர் அடையக்கூடிய பதவிகளுள் அதனினும் உயர்ந்தது இல்லை எனலாம்.

1919 ஏப்ரல் 13 அன்று அமிர்தசரஸ் ஜாலியன்வாலா பாக்கில் ஜெனரல் டயரின் படை, கூடியிருந்த மக்களைச் சுட்டு வீழ்த்தியது. பாஞ்சாலத்தில் இராணுவச் சட்டம் கோலோச்சிற்று. அக்கொடுமைக்கு உடந்தையான அரசாங்கத்தில் அங்கம் வகிக்க மனம் ஒவ்வாது, சங்கரன் நாயர் அவ்வாண்டு ஜூலையில் பதவி துறந்தார். மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்தும் நம்மனோர்க்கு, கையிலிருக்கும் உத்தியோகத்தை விடுவது எத்துணை அரிது என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

இந்தியா மந்திரியின் ஆலோசனைச் சபையில் லண்டனில் சிறிது காலம் பணியாற்றித் திரும்பிய பின், 1922-இல் காந்தியும் அராஜகமும் என்ற நூலை ஆங்கிலத்தில் வெளியிட்டார். இதில் ஒரு விந்தை உண்டு. ஒத்துழையாமையைக் கண்டிக்கவே அந்நூல் எழுதப்பட்டது. காந்தியடிகளின் வழி அவருக்கு உடன்பாடன்று. அவ்வகையில் அவர் காலத்தின் போக்கைக் கணிக்கத் தவறினார் என்பதே என் கருத்து. ஆயினும் அதே நூலில், பாஞ்சாலக் கொடுமைகளுக்கு அம்மாகாண லெப்டினன்ட் கவர்னராயிருந்த சர் மைக்கேல் ஓ'டுவையரைப் பொறுப்பாளி ஆக்கினார். ஓ'டுவையர் லண்டனில் மானநஷ்ட வழக்குத் தொடுத்தார்.

1924-இல் வழக்கு ஐந்து வாரங்களுக்கு மேல் நடந்தது. அறுபத்தாறு வயதில், அயல்நாட்டில், ஆங்கிலேய ஜூரிகளின் முன் நின்றார் நம்மவர். சென்னையில் பிரதம நீதிபதியாயிருந்த சர் வால்ட்டர் ஷ்வாப் அவருக்காக வாதாடினார். நீதிபதி மக்கார்டியோ, டயர் செய்தது சரியே என்று வெளிப்படையாகவே கூறிவிட்டார். ஜூரிகள் பன்னிருவரில் பதினொருவர் ஓ'டுவையர் பக்கம் சாய்ந்தனர். மாறுபட்ட ஒருவர், பேராசிரியர் ஹெரால்டு லாஸ்கி.

500 பவுன் நஷ்டஈடும் வழக்குச் செலவும் அவர் தலையில் விழுந்தன. மன்னிப்புக் கேட்டால் பணத்தை விட்டுவிடுவதாக ஓ'டுவையர் தரப்பில் கூறப்பட்டது. சங்கரன் நாயர் இணங்கவில்லை; பணத்தைச் செலுத்தினார். அமிர்தசரஸில் நடந்தது என்ன என்பது ஆங்கிலேயரின் தலைநகரிலேயே, சாட்சிகளின் வாயிலாக வாரக்கணக்கில் பேசப்பட்டதற்கு அவர் கொடுத்த விலை அது.

பின்னர், காங்கிரஸ் புறக்கணித்த சைமன் குழுவுடன் இணைந்து இயங்கிய இந்திய மத்தியக் குழுவுக்குத் தலைமை தாங்கினார். 1934 ஏப்ரல் 24 அன்று சென்னையில் காலமானார்.